கிட்டு ஏன் கட்டிலுக்கு வருவதில்லை

எழுதிப் பழக்கம் இல்லாத ஒருவன் எழுதத் துணிந்ததற்காக, வாசகர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் ஸ்ரீரங்கன். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறர் எழுதியவற்றைத் தூசி தட்டி, எண் ஒட்டி, அடுக்கி வைப்பதிலேயே என் காலம் போயிற்று. நானாக ஒரு பக்கமும் எழுதியதில்லை. பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

எழுத நேர்ந்த காரணம் மிகச் சிறியது. எங்கள் சிட்லபாக்கம் குடியிருப்போர் நலச் சங்கம் மாதந்தோறும் வெளியிடும் இதழில், சென்ற மாதம் அஸ்தினாபுரத்திலிருந்து திருமதி தனம் என்பவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவர் வளர்க்கும் பூனை இத்தனை காலமும் அவர் தலைமாட்டில்தான் தூங்குமாம். இப்போது பகலில் வழக்கம்போல் மடியில் ஏறுகிறது, இரவில் மட்டும் பக்கத்திலேயே வருவதில்லையாம். ‘வீட்டில் யாராவது ஏதாவது செய்துவிட்டார்களோ என்று மனது உறுத்துகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லவும்’ என்று முடித்திருந்தார்.

இதழைக் கவனித்துக்கொள்ளும் திரு. ஷ்யாம்சுந்தர் ஏரிக்கரை நடைப்பயிற்சியில் என்னை நிறுத்தினார். “சார், உங்க வீட்ல ஒரு பூனை இருந்துதே! இந்த லேடிக்கு நாலு வரி பதில் எழுதிக் குடுங்களேன். கடைசிப் பக்கம் காலியா கெடக்கு” என்றார். மறுத்துப் பேச எனக்கு வராது. நான்கு வரியில் முடிக்கவும் வரவில்லை. அதற்கும் மன்னிக்க வேண்டும்.

முதலில் பொதுவான காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் பூனை மெத்தையை விட்டுத் தரையைத் தேடும். புதிய சோப்பில் துவைத்த விரிப்பு அதற்குப் பிடிக்காமல் போகலாம். வயதான பூனைக்குக் கட்டிலில் தாவ மூட்டு ஒத்துழைக்காது. தூக்கத்தில் யாராவது புரண்டு அதன் வாலை நசுக்கியிருக்கலாம். உடல்நலம் கெட்டாலும் பூனை தனிமையை நாடும் என்று படித்திருக்கிறேன். திருமதி தனம் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். எதுவும் பொருந்தவில்லை என்றால், இனி நான் சொல்வது ஒருவேளை உதவக்கூடும்.

நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. என் அக்கா வேதா, கணவர் காலமான பின் எங்கள் பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டுக்கே திரும்பி வந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. தொலைபேசித் துறையில் மேற்பார்வையாளராக இருந்தவள் என்பதால் குரலில் ஓர் அதிகாரம் உண்டு. நான் எந்தச் சட்டையை அணிய வேண்டும், எந்தக் கடையில் வெண்டைக்காய் வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவுதான். விருந்தினர் வந்தால், “ரங்காவுக்கு லைப்ரரில பத்தாயிரம் புஸ்தகத்த அடுக்கத் தெரியும். ஆத்துல பத்து டம்ளரை அடுக்கத் தெரியாது” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வருத்தப்பட அதில் ஒன்றுமில்லை.

அக்காவுக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை நோய். இரவில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு படுப்பாள். சில இரவுகளில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். உடம்பு வியர்த்து, கை நடுங்கி, நாக்கு குழறும். உடனே இனிப்பாக ஏதேனும் உள்ளே போகாவிட்டால் நினைவு தப்பிவிடும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

அந்த இரவுகளில் அவள் பக்கத்து அறையிலிருந்து என்னைக் கூப்பிடுவாள். இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவில் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று முறை கூப்பிடும்வரை பதில் சொல்லக்கூடாது என்பது எங்கள் அம்மா வைத்த விதி. வேண்டாதவை வந்து கூப்பிட்டால் மூன்றாம் முறை கூப்பிடாதாம். பல வீடுகளில் இப்படிச் சொல்வதுண்டு. நானும் அக்காவும் அதைக் கேலி செய்தபடியே கடைப்பிடித்து வந்தோம். எனவே அவள் உடம்பு நடுங்கும் நிலையிலும் ஒழுங்காக “ரங்கா... ரங்கா... ரங்கா” என்பாள். நான் மூன்றாவதற்குக் காத்திருந்ததில்லை. முதல் ‘ரங்கா’விலேயே எழுந்து, மூன்றாவது முடிவதற்குள் சர்க்கரைத் தண்ணீரோடு கட்டிலருகே நிற்பேன். “மூணு வரைக்கும் எண்ணலையாடா? நான் பேயா இருந்தா என்ன பண்ணுவே?” என்று பல் கிட்டியபடியே கேட்பாள்.

குடித்து முடித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். மூச்சு சீரானபின், “நீ இல்லேன்னா என்னடா ஆயிருக்கும்” என்பாள். பகலில் அந்தக் குரல் அவளிடம் இருக்காது. எப்போதாவது வரும் அந்த இரவுகளுக்காக நான் காத்திருந்தேன் என்று சொன்னால் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அவள் நோய்ப்பட வேண்டும் என்று நான் விரும்பியதில்லை. கூப்பிட வேண்டும் என்றுதான் விரும்பினேன்.

ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் நின்ற ஒரு மழைக்காலத்தில், எங்கள் மதிலின் மேல் ஒரு சாம்பல் வரிப் பூனைக்குட்டி வந்து உட்கார்ந்தது. அக்கா குடையோடு போய்த் தூக்கி வந்தாள். கிட்டு என்று பெயர் வைத்தாள். தயிர்சாதம் பழக்கினாள். முதல் வாரத்திலேயே அது அவள் கட்டிலில் ஏறி, கால்மாட்டில் சுருண்டு தூங்கத் தொடங்கிவிட்டது.

கிட்டு வந்தபின் இரவில் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. அக்காவின் உடம்பு தேறிவிட்டது என்றே நான் எண்ணினேன். உண்மை பக்கத்து வீட்டு ஷீலாவால் தெரிய வந்தது. ஷீலா ஒரு மருத்துவமனையில் செவிலியர். அவர் கணவர் பென்னி ஒரு பட்டறையில் தோல் தைக்கிறார். இரு வீடுகளுக்கும் நடுவே இடுப்புயர மதில்தான். ஒரு நாள் மாலை அக்கா மதிலருகே நின்று, “இந்தக் கிட்டு என்னைத் தூங்கவே விடறதில்லை ஷீலா. திடீர்னு கன்னத்துல அறையறான், காதைக் கடிக்கறான். முழிச்சுப் பாத்தா எனக்கு வேர்த்துக் கொட்டியிருக்கு. எழுந்து போய்ச் சர்க்கரையை வாயில போட்டுண்டு வந்து படுக்கறேன்” என்று குறை சொன்னாள்.

ஷீலா சிரிக்கவில்லை. “அக்கா, இனிமே அது எழுப்பச்சொல்லோ மெஷின்ல ஒரு சொட்டு ரத்தம் வச்சிப் பாருங்க. என்னா காட்டுதுன்னு எனக்குச் சொல்லுங்க” என்றார்.

அக்கா அப்படியே செய்தாள். கிட்டு எழுப்பிய ஒவ்வொரு முறையும் சர்க்கரை இறங்கித்தான் இருந்தது. “அது சும்மா எழுப்பலக்கா. சுகர் எறங்குனா வேர்வ வாசன மாறும். அது மோப்பம் புடிச்சிடுது” என்று ஷீலா விளக்கினார். மதிலுக்கு அந்தப் பக்கம் வண்டி துடைத்துக்கொண்டிருந்த பென்னி, “சும்மாவா? எங்க வூட்ல வஞ்சிரம் வறுத்தாலே உங்க மதிலாண்ட வந்து நின்னுகினு கீது. அதுக்கு மூக்கு இல்ல சார், ராடாரு” என்றார்.

அக்கா பெருமை தாங்காமல் என் பக்கம் திரும்பினாள். “பாத்தியாடா ரங்கா! இத்தனை வருஷ சர்வீஸ் உனக்கு, ப்ரமோஷன் இவனுக்கு. இனிமே நைட் ட்யூட்டி கிட்டுவோடது. நீ நிம்மதியாத் தூங்கு.”

நானும் சிரித்தேன். கல்லூரியில் எனக்கு மாலை போட்டு அனுப்பியதும் அதே வருடம்தான்.

அன்றிலிருந்து அவள் தலையணைக்கடியில் ஒரு குளுக்கோஸ் டப்பா இருந்தது. கிட்டு எழுப்பும், அவள் எழுந்து ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொள்வாள், மறுபடி படுப்பாள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு முறை தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அவள் அறையிலிருந்து குரல் கேட்டது. “நீ இல்லேன்னா என்னடா ஆயிருக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கில்லை. அந்தச் சொற்களை அப்படியே, ஓர் எழுத்தும் மாறாமல், பூனையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்து படுத்தேன்.

அக்காவுக்குப் பாத எரிச்சல் உண்டு. சர்க்கரை நோயில் அது வருவதுதான். ஒரு நாள் நானே சொன்னேன்: “தினமும் படுக்கும்போது தைலம் தேய்த்துவிடட்டுமா அக்கா?” அவளுக்கு ஆச்சரியம். நீலகிரித் தைலம் வாங்கி வந்து, பாதத்திலும் கணுக்காலிலும் இதமாகத் தேய்த்துவிட்டேன். நீலகிரித் தைலத்தின் நெடி பூனைகளுக்கு ஆகாது என்று நான் எப்போதோ நூலகத்தில் படித்திருந்தேன். அப்போது அது நினைவில் இல்லை என்று எழுதினால் பொய்யாகும்.

கிட்டு முதல் இரவு கட்டிலில் தாவியது, தும்மியது, இறங்கிவிட்டது. அடுத்தடுத்த இரவுகளில் கால்மாட்டை விட்டுத் தலைமாட்டுக்குப் போகப் பார்த்தது. எனவே, சளிக்கு நல்லது என்று சொல்லித் தலையணை உறையிலும் சில துளிகள் விட்டேன். அதன்பின் நாற்காலியில் படுத்தது. நாற்காலியில் கிடந்த துண்டிலும் கொஞ்சம் சிந்திற்று. பிறகு அது அறையின் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் நீர் வடிய, உள்ளே பார்த்தபடி இருந்தது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. சில நேரம் அங்கிருந்தே கத்தியது. அக்காவின் தூக்கம் கெடும் என்பதால் நான் அதைத் தூக்கி வெளியே விட்டு, வாசல் கதவைச் சாத்தினேன்.

இதைத்தான் திருமதி தனம் கேட்கிறார். பூனைக்கு அவர் மேல் கோபம் இருக்காது. அது வர முயன்றிருக்கும்.

அக்கா மிகவும் மனமுடைந்து போனாள். கிண்ணத்தில் பாலை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, “கிட்டு, என்னடா கோவம்? அம்மா என்ன பண்ணினேன்?” என்று கேட்பாள். பகலில் மடியில் ஏறிக் குறுகுறுக்கிற பூனை, விளக்கணைத்ததும் ஏன் விலகுகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. “யாரோ ஏதோ பண்ணியிருக்காடா ரங்கா. இது தானா நடக்கறது இல்லை” என்றாள். யார் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் குறுக்கிடவில்லை.

ஆனால் யோசனை திசையில்லாமல் நீண்டால் அது எங்கு வந்து நிற்கும் என்பதையும் நான் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த நாள் ஷேர் ஆட்டோ பிடித்து, என்னை யாரும் அறியாத பம்மலில் இறங்கினேன். பிறந்தது முதல் மீன் கடையின் பக்கம் போகாதவன். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி, “அம்மா, தயவுசெய்து நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கிடைக்குமா?” என்று கேட்டேன். கூடையின் முன் உட்கார்ந்திருந்த பெண்மணி என் நெற்றியையும் கைக்குட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கொயம்புக்கா சார், வறுக்கவா?”

“பூனைக்கு.”

“பூனைக்கா! அதுக்கு இம்மாம் மரியாதையா கேக்குறியே. வூட்ல சம்சாரம் குடுத்துவச்சவங்க போ.”

நான் உண்மையைத்தான் சொன்னேன். இரண்டு மூன்று மாலைகள் அந்தக் கருவாட்டை ஷீலா வீட்டுப் பக்கம், அவர்கள் பின்கட்டுப் படியோரம் வைத்தேன். கிட்டு மதிலைத் தாண்டிப் போவதை அக்கா சமையலறைச் சன்னலிலிருந்து தானாகவே பார்த்தாள். “அங்கே என்னடா வெச்சிருக்கா?” என்று கேட்டாள். “கருவாடு போல இருக்கிறது. ஆனால் ஷீலா அப்படிப்பட்டவர் இல்லை அக்கா” என்றேன். அதற்குமேல் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை.

அன்று மாலையே மதிலடியில் பேச்சு முற்றியது.

“கிட்டுவுக்குக் கருவாடு வெச்சுப் பழக்கறியாமே ஷீலா. வேணும்னா கேட்டு வாங்கிண்டு போயிருக்கலாமே. திருட்டுத்தனம் எதுக்கு?”

“இன்னாக்கா பேசுறீங்க! பென்னிக்கு வாயுத் தொல்லன்னு எங்க வூட்ல கருவாடே வாங்குறதில்ல.”

“அப்போ படியில கெடக்கறது என்ன, தேங்கா நாரா?”

ஷீலா திரும்பிப் படியைப் பார்த்தார். உண்மையாகவே குழம்பிப் போனார். பிறகு அக்காவின் அருகே வந்து, மூச்சை இழுத்து, “அக்கா, சண்ட அப்புறம் போட்டுக்கலாம். உங்க மேல இன்னா இந்தத் தைல நெடி? தலகாணி கூட இப்பிடித்தான் அடிக்குதா? பூனைக்கு இது ஆவவே ஆவாது. அது ஓடுறது இதுக்காவத்தான் இருக்கும். நிறுத்திப் பாருங்க” என்றார்.

நான் கையில் காப்பித் தம்ளரோடு பின்னால் நின்றிருந்தேன். அந்தக் கணத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒருவேளை முடிந்திருந்தால் எனக்கும் ஆறுதலாகவே இருந்திருக்கும்.

அக்காவின் முகம் சிவந்தது. “பழி எங்கே போடறது பாரு! எம்பிள்ளையை என்கிட்டேர்ந்து பிரிச்சது போறாதுன்னு, என் தம்பி எனக்குக் கால் பிடிச்சு விடறதும் உன் கண்ணை உறுத்தறதா? இந்தக் காலத்துல எந்தத் தம்பி இப்படிப் பண்ணுவான்? இனிமே இந்த மதில்கிட்ட வராதே.”

ஷீலா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் அக்கா பிறர் முன்னிலையில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

ஷீலா அதன்பின் வரவில்லை. கிட்டு இரவுகளில் அவர்கள் வீட்டுப் பக்கம் தங்கத் தொடங்கியது. நான் ஒவ்வோர் இரவும் படுக்குமுன் ஒரு தம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி, தட்டு போட்டு மூடி, என் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். பழைய நாட்களைப் போலவே.

ஆனால் கூப்பாடு வரவில்லை. ஒரு நாள் காலையில் அக்கா சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். “ராத்திரி படபடன்னு வந்துடுத்துடா. டப்பாவைத் தேடி எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடுத்து. கிட்டு இருந்தா முன்னாடியே எழுப்பியிருப்பான்” என்றாள்.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அக்கா.”

“உன் தூக்கத்தை எதுக்குக் கெடுக்கணும்? டப்பாதான் இருக்கே.”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். இதற்குச் சில வாரங்கள் முன்பு மருத்துவர் ஒன்று சொல்லியிருந்தார். இத்தனை வருட நோயில், சர்க்கரை இறங்குவதை உடம்பே முன்கூட்டி அறிவிக்கும் சக்தி மங்கிவிடும்; இனி வியர்வையும் நடுக்கமும் தாமதமாகத்தான் தெரியும்; பக்கத்தில் ஆள் படுப்பது நல்லது என்றார். “எனக்கு ஆள் இருக்கான் டாக்டர், நாலு கால்ல” என்று அக்கா அப்போது சிரித்தாள். நான் அதை மறக்கவில்லை. இருந்தாலும் மருத்துவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்று அவள் குளிக்கப் போனபோது விரிப்பை மாற்றினேன். தலையணைக்கடியில் இரண்டு மூன்று எறும்புகள் இருந்தன. குளுக்கோஸ் டப்பாவைக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அவளிடமும் சொன்னேன். மறைக்கவில்லை. “எறும்பு வருகிறது அக்கா. வேண்டும்போது என்னைக் கூப்பிடு, உடனே எடுத்து வருகிறேன்” என்றேன். “சரிடா” என்றாள். அவள் என்னை முழுமையாக நம்பினாள் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமைகளில் அக்கா பகலில் பெருமாளுக்குத் தளிகை படைத்துச் சாப்பிட்டுவிட்டு, இரவில் சோறு எடுக்காமல் சிறிது பலகாரத்தோடு நிறுத்திக்கொள்வாள். அந்த இரவுகளில் ஊசியின் அளவையும் தானே குறைத்துக்கொள்வாள். அன்று குறைத்தாளா, மறந்தாளா என்று எனக்குத் தெரியாது. அது அவள் கவனித்துக்கொள்கிற விஷயம். நான் கேட்கவில்லை. தைலம் தேய்த்துவிட்டேன். “போறும்டா, உனக்குக் கை வலிக்கும்” என்றாள். கதவை ஒருக்களித்துவிட்டு வந்து படுத்தேன்.

முதலில் கிட்டுவின் குரல்தான் கேட்டது. அக்கா அறையின் சன்னலுக்கு வெளியே நின்று கத்திற்று. சன்னலின் ஒரு கதவு திறந்திருந்தது. அந்த இடைவெளியில் அதற்கு என்ன வாசனை எட்டியதோ, தெரியாது. கம்பியில் நகம் கீறும் சத்தம் வந்தது. நான் எழுந்து போய் அந்தச் சன்னலைச் சாத்தினேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கழுத்து ஈரமாகப் பளபளத்தது. புழுக்கமான இரவுதான். மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவிட்டுத் திரும்பினேன். பூனை சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போய்க் கத்திற்று. சிறிது நேரத்தில் ஓய்ந்தது.

பிறகு அக்கா கூப்பிட்டாள்.

“ரங்கா.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். எத்தனையோ காலத்துக்குப் பின் கேட்கிறேன். தம்ளரை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். என் கால்கள் தரையில் இருந்தன. அவள் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவே ஒரு சுவர் மட்டுமே. நான் போகத்தான் இருந்தேன். ஆனால் அந்தக் குரல் எனக்கு இன்னொரு முறை வேண்டியிருந்தது. அதைப் பேராசை என்று சொல்வீர்களானால் ஒப்புக்கொள்கிறேன்.

“ரங்கா” என்று மறுபடி வந்தது. இம்முறை சற்றுக் குழறியது. அதில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

எங்கள் வீட்டு வழக்கத்தை முன்பே கூறியிருக்கிறேன். இரவில் மூன்று முறை கூப்பிட்டால்தான் பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் விதி அது. அதை மீறலாகாது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். தம்ளர் கையில் இருந்தது, தட்டும் மூடியிருந்தது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. காத்திருந்தபடியே எப்போதோ தூங்கிப் போனேன் போலும்.

விடிந்தபோது தம்ளர் தரையில் இருந்தது. தட்டு விலகியிருந்தது. விளிம்பைச் சுற்றி எறும்புகள் வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தன. அக்காவின் அறைக்குப் போகுமுன் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனேன். அவசரப்பட ஒன்றும் இருக்கவில்லை.

மருத்துவர் வந்து, நெடுநாள் நோய், தூக்கத்திலேயே போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். தெருவே திரண்டு வந்தது. “பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்துண்டிருக்க மாட்டான்” என்று என் தோளைத் தொட்டுச் சொன்னார்கள். மதில்பக்கம் வராதே என்று சொல்லப்பட்டிருந்த ஷீலாவும் வந்தார். வாசல் வழியாக வந்தார். அக்காவின் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைத் தொட்டு, விரல்களைத் தன் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தலையணையைத் தூக்கிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“டப்பா எங்க சார்?”

“எறும்பு வந்தது. எடுத்து வைத்தேன்.”

“நைட்டு அக்கா கூப்புடலியா?”

“எனக்குக் கேட்கவில்லை அம்மா” என்றேன்.

இந்த விஷயத்தில் தொடக்கம் முதல் இறுதிவரை நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஒரு செவிலியரிடம், அதுவும் துக்க வீட்டில், பொய் சொல்லியிருக்கக் கூடாது. அதற்காக இந்த இதழின் வாயிலாக ஷீலாவிடம் மன்னிப்புக் கோருகிறேன். மற்றபடி ஒரு தம்பி தன் அக்காவுக்குக் கால் பிடித்துவிட்டான், கட்டிலைச் சுத்தமாக வைத்துக்கொண்டான், அம்மா சொன்ன வழக்கத்தைக் காப்பாற்றினான். இவற்றில் எதற்காக மன்னிப்புக் கேட்பது என்று தேடிப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை.

திருமதி தனம் அவர்களுக்கு என் பணிவான பதில் இதுதான். பூனையை மருத்துவரிடம் காட்டுங்கள். விரிப்பைச் சோப்பில்லாமல் அலசிப் பாருங்கள். அதன்பிறகும் வரவில்லை என்றால், உங்கள் மேல் வெறுப்புக் கொண்டவர் யார் என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்களை மிகவும் அக்கறையோடு கவனித்துக்கொள்பவர் யார் என்று பாருங்கள். அவர் கையை முகர்ந்து பாருங்கள்.

திரு. ஷ்யாம்சுந்தர் கடைசிப் பக்கம் என்றார். அதில் அடங்காது என்று தெரிகிறது. இழந்தவற்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

ஓர் அக்கா. மதிலுக்கு அந்தப் பக்கம், பென்னியின் வண்டி இருக்கையில் தனியாகத் தூங்கும் ஒரு பூனை. நல்ல பக்கத்து வீடு ஒன்று. பாதி தீர்ந்த ஒரு தைலப் புட்டி. அதை ஏன் எறிந்தேன் என்று தெரியவில்லை. ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர்.

மூன்றாவது ‘ரங்கா’வை இதில் சேர்க்கவில்லை. அது இன்னும் வர வேண்டியிருக்கிறது. தினமும் கலக்கி வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.